தின்பதற்கு இருபத்தாறு செல்கள்

நான் குடியிருக்கும் வீட்டின் ஃபிரிட்ஜில் முட்டைக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கும். மேல்தட்டு என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் மாரெக்குடையது. பால் புட்டியின் கழுத்தில், வெண்ணெய் டப்பாவின் மூடியில், பாதி நறுக்கிய முட்டைக்கோஸைச் சுற்றிய தாளில் என்று எல்லாவற்றிலும் அவன் பெயர் கறுப்பு மையில் இருக்கும். கீழ்த்தட்டு என்னுடையது. வந்த முதல் வாரம் என் பால் தீர்ந்துபோனது. அவன் பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு, அவன் வேலை முடிந்து வந்ததும் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். எங்கள் ஊர்த் தெருவில் பழக்கம் அப்படித்தான் தொடங்கும். ஒரு டம்ளர் பால் வாங்கினால் மறுநாள் ஒரு கிண்ணம் குழம்பு போகும். மாரெக் போலந்துக்காரன், பெரிய கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறான், நல்ல மனிதன். கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்டிக்கர் சுருளும் பேனாவும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து என் தயிர் டப்பாவிலும் ‘ஏழுமலை’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுகிறேன். பெயர் இருந்தால் ஒருவருக்குச் சொந்தம், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பொது என்று நானாக ஒரு விதி செய்துகொண்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்த விதியால்தான், அடுப்புக்கு மேலே பெயரில்லாமல் இருந்த ஒரு ஜாடி என்னைச் சொந்த ஊரான மரக்காணத்துக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது.

ஊரில் என்னை லண்டன் வாத்தியார் என்கிறார்கள். லண்டனுக்கும் எனக்கும் ரயிலில் நாலு மணி நேரத் தூரம். இது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊர். இங்கேயும் கடல் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பனிமூட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காத ஒரு பள்ளி எனக்கு விசா கொடுத்து அழைத்தது. முதல் வருடம் பரீட்சார்த்தம். மூன்று வகுப்புகளை வேறொருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். மூன்றும் சரியென்றால் வேலை உறுதி. சரியில்லையென்றால் பள்ளி தன் ஆதரவை விலக்கிக்கொள்ளும், அதோடு விசாவும் போகும். இரண்டு வகுப்புகள் முடிந்திருந்தன. முதல் வகுப்பைப் பார்த்த துறைத் தலைவி ஹெலன், “உங்கள் வகுப்பு மிகவும் அமைதியாக இருந்தது” என்றார். நான் இரண்டு கையையும் கூப்பாத குறையாக நன்றி சொன்னேன். நம் ஊரில் தலைமை ஆசிரியர் வராந்தாவில் நடந்துபோகும்போது சத்தம் கேட்காத வகுப்புக்குத்தான் மரியாதை. இரண்டாவது வகுப்பைப் பார்த்துவிட்டு அவர் அதையே கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னபோதுதான் அது பாராட்டில்லை என்று புரிந்தது. குழந்தைகள் பேசவில்லை, கேட்கவில்லை, கையால் எதையும் செய்யவில்லை. பலகையைப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான். முதல் வகுப்புக்கு நான் சொன்ன நன்றியை நினைத்து அன்று முழுவதும் காது சூடாக இருந்தது.

எனக்குத் தெரிந்த கல்வி பலகைதான். மரக்காணத்து அரசுப் பள்ளியில் செல்லின் படத்தைப் பலகையில் பார்த்தேன், நோட்டில் வரைந்தேன், பரீட்சையில் வரைந்தேன். பென்சிலைச் சீவி, அடிக்கோலால் நேர்கோடு இழுத்து, கோட்டின் நுனியில் உட்கரு, செல்சுவர், பசுங்கணிகம் என்று குறித்தால் ஐந்து மதிப்பெண். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அம்மா அஞ்சலைக்கு அந்தப் படம் என்னவென்று தெரியாது, ஆனால் அதன்மேல் தண்ணீர் படக்கூடாது என்று தெரியும். மழை நாளில் என் நோட்டுகளை அரிசிப் பானைக்குள் வைத்து மூடுவாள். பிறகு பி.எட். படிக்கும்போது கிளியனூரில் ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே கலர் சாக்பீஸில் நான் வரைந்த தாவரச் செல்லை மூன்று நாள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் பலகையின் ஓரத்தில் மிச்சமிருந்த கையளவு இடத்தில் கணக்குப் போட்டார். என் வாழ்க்கையில் நான் அடைந்த பெரிய கௌரவம் அதுதான் என்று ஹெலனிடம் எப்படிச் சொல்வேன்?

மூன்றாவது வகுப்புக்கு யோசனை ஹெலனே கொடுத்தார். ஏழாம் வகுப்பு, தாவரச் செல், குழந்தைகள் தின்னக்கூடிய மாதிரி செய்யட்டும் என்றார். தின்னக்கூடிய என்பதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று சந்தேகம். கடைசியில் தின்றுவிடுவார்களா என்று கேட்டேன். “கடைசிப் பத்து நிமிஷம் அதற்குத்தான். அதற்காகத்தான் மீதி ஐம்பது நிமிஷம் வேலை செய்வார்கள்” என்று சிரித்தார். இனிப்புக் கூழ் சைட்டோபிளாசம், ஒரு பழம் உட்கரு, இப்படி. எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். சோற்றை வைத்து விளையாடினால் கையில் ஒரு அடி விழும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் அப்போது என் கூச்சத்தைவிட அந்த வகுப்புக்குக் குறித்திருந்த மார்ச் மாத வியாழக்கிழமை பெரிதாக இருந்தது. அந்த வியாழனுக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அதை ஹெலன் அறியார்.

போன வருடம் விமானம் ஏறும் முன்பே அம்மாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். எனக்கு வேலை உறுதியான நாளோடு அவள் அளத்துக்குப் போவதை நிறுத்த வேண்டும். உப்பளத்தை நாங்கள் அளம் என்றுதான் சொல்வோம். பொங்கல் முடிந்தால் அம்மாவுக்குப் பருவம் தொடங்கும். விடிவதற்கு முன்பே கிளம்பிப்போய், வெயில் ஏறும் வரை கெட்டியான உப்புத் தண்ணீரில் நின்று வாரிக் குவித்துவிட்டு வருவாள். அவள் பாதத்தில் வெடிப்பு இல்லாத இடம் இல்லை. வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கும்போது எப்படியிருக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “பழகிடும்டா” என்பதுதான் பதில். அப்பா லாரியில் உப்பு ஏற்றும் வேலையை முதுகு விட்டுப்போய் நிறுத்தினார், அம்மா நிறுத்தவில்லை. நான் கேட்ட வாக்குக்கு அவள் நேராகச் சரி என்று சொல்லவில்லை. “உறுதியாவட்டும், பாக்கலாம்” என்றாள். அம்மாவிடமிருந்து அதற்கு மேல் வாங்க முடியாது. ஆகவே அந்த வியாழக்கிழமையில் என் விசா மட்டும் இல்லை, அவளுடைய இரண்டு கால்களும் இருந்தன.

இரண்டு வாரம் அந்த ஒரு மணி நேரத்துக்காக அலைந்தேன். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தரும் உறுப்பு. நம் ஊர்க் கடலைமிட்டாயைவிடப் பொருத்தமாக எது உண்டு? பாகிஸ்தானியர் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தபோது, நான் ஆறு மாதமாகத் தினமும் கடந்துபோகும் அறிவிப்புப் பலகையை அன்றுதான் வாசித்தேன். வேர்க்கடலை எந்த வடிவிலும் பள்ளிக்குள் வரக்கூடாது. வாசனை பட்டாலே மூச்சுத் திணறும் குழந்தைகள் இருக்கிறார்கள். பையை அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பிறகு கூழ். கடையில் விற்கும் ஜெல்லி மாட்டெலும்பிலும் பன்றித் தோலிலும் செய்வது என்று தெரிந்தது. வகுப்பில் நான்கு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். கல்லூரியில் என்னோடு படித்த கோட்டக்குப்பத்து சாதிக் நோன்பு மாதத்தில் எங்களுக்காக டிபன் பாக்ஸில் கொண்டுவரும், காய்ச்சி இறுகவைத்த கடல்பாசி இனிப்பு ஞாபகம் வந்தது. அதையே தேடி வாங்கினேன். செல்சுவருக்குச் சதுரமான பிளாஸ்டிக் டப்பா, செல்சவ்வுக்குச் சீனக் கடையில் கிடைத்த அரிசித் தாள், உட்கருவுக்குக் கறுப்புத் திராட்சை, பசுங்கணிகத்துக்குக் கிவிப் பழத் துணுக்கு, நடுவில் பெரிதாக இருக்கும் வாக்குவோலுக்கு வெள்ளரி வில்லை, மைட்டோகாண்ட்ரியாவுக்கு உலர்திராட்சை. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் சமையல் பாடம் நடக்கும் அறையை எழுதிக் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். பட்டியலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கடல்பாசியைக் கரைத்தேன். எலுமிச்சைச் சாறு ஊற்றினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் டீக்குப் போடும் அளவுதான் இருந்தது. பட்டியலில் எல்லாம் எழுதியவன் சர்க்கரையை எழுதவில்லை. அது வீட்டில் இருக்கும் பொருள் என்ற நினைப்பு. கடைக்குப் போய்வந்தால் கூழ் இறுகிவிடும். அப்போது அடுப்புக்கு மேல் தட்டில் அந்தக் கண்ணாடி ஜாடி கண்ணில் பட்டது. பெரிய ஜாடி, முக்கால்வாசி வெள்ளையாக. பெயர் இல்லை. மூடியைத் திறந்து சாய்த்தேன். பொலபொலவென்று, மணல் கடிகாரத்தில் இறங்குவதுபோல விழுந்தது. இந்த நாட்டுச் சர்க்கரை நம் ஊர்ச் சர்க்கரையைவிடப் பொடி என்று தெரியும். மூன்று கப் போட்டேன். தீர்ந்த அளவுக்கு நாளைக்கு வாங்கி நிரப்பி வைக்க வேண்டும் என்று கையில் பேனாவால் எழுதியும்கொண்டேன்.

ருசி பார்க்கவில்லை. பார்க்கலாமா என்ற எண்ணம்கூட வரவில்லை. அம்மா சமைக்கும்போது கரண்டியை வாயருகே கொண்டுபோய் நான் ஒருநாளும் கண்டதில்லை. கையில் அள்ளிய உப்பை ஒரு பார்வை பார்ப்பாள், போடுவாள், மூடுவாள். ஒருமுறை, எனக்கு எட்டு வயதிருக்கும், அடுப்பில் இருந்த மீன்குழம்பில் விரலைத் தொட்டு நக்கினேன். முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்தவங்க சாப்பிடறத எச்சி பண்ணாத, நாக்கு மத்தவங்களுக்கு அப்புறம்தான் என்றாள். அதற்குப் பிறகு எத்தனை விடுதிகளில் எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறேன்; பரிமாறும் முன்பு ருசி பார்த்தது கிடையாது. படித்தவன், மரபணு தெரிந்தவன், கிருமி தெரிந்தவன், ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இருபத்தாறு டப்பாக்களையும் இரண்டு பெரிய தகரத் தட்டுகளில் அடுக்கி ஊற்றி, தட்டில் சிந்தியதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் மூடிவைத்தேன்.

வியாழன் காலை தட்டுகளைக் கொண்டுபோய்ச் சமையல் அறையின் ஜன்னலோரம், சூடேற்றிக் குழாய்களுக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். பதினொரு மணிக்கு வகுப்பு. ஹெலன் கடைசி மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், முதல் முப்பது நிமிடம் நான் நடத்திய வகுப்புகளிலேயே நல்ல வகுப்பு அதுதான். இருபத்தாறு பேரும் பேசினார்கள். ஒருவன் உலர்திராட்சையை எண்ணி, ஓடுகிற ஆளின் செல்லில் அதிகம் வைக்கலாமா என்று கேட்டான். முன்மேசையில் இருந்த மேசி என்ற பெண், தாவரத்துக்கு மட்டும் ஏன் சுவர், நமக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். ஹெலன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அது நல்ல சத்தமாக இருந்தது. இன்று சாயந்திரம் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் வெள்ளரி வில்லைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் வேர்வை அரும்புவதுபோல நீர்த்துளிகள். சில டப்பாக்களில் கூழின் மேல் தண்ணீர் தேங்கியே இருந்தது. அடர்த்தியான சர்க்கரையும் நீரை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். இதைத்தான் நான் பதினொன்றாம் வகுப்பில் படித்தேன். ஆனாலும் இவ்வளவு சீக்கிரமாகவா? ஏதோ ஒன்று இடிக்க, ஜன்னலோரம் போய்க் காலித் தட்டை எடுத்தேன். நேற்று சிந்திய இடத்தில், குழாய்ச் சூட்டில் காய்ந்து, தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு. குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னச் சதுரங்கள். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்த, கண்ணாடிபோல ஓரம் வெட்டிய சதுரங்கள்.

அது பூத்திருந்தது. அளத்துப் பாத்தியில் தண்ணீர் கெட்டியாகி வரப்போரத்தில் முதல் வெள்ளை கண்டதும் எங்கள் ஊரில் சொல்வது அந்தச் சொல்தான். பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்கு அது தெரியும். ஜாடியில் இருந்தபோது தெரியாதது எப்படி என்று பிறகு பல நாள் யோசித்தேன். நான் அறிந்த உப்பு கல்கல்லாக இருக்கும். பீங்கான் ஜாடியில், மரக்கரண்டியோடு, எப்போதும் ஈரமாக இருக்கும். ஐப்பசியில் ஜாடியின் அடியில் இரண்டு விரல்கடை தண்ணீரே நிற்கும். கடையில் தூள் உப்பு பாக்கெட்டில் விற்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் உப்பளத்துக்காரர் வீட்டில் அதை யார் வாங்குவார்கள்? அதுவும் நம் ஊர்க் காற்றில் கட்டியாகிவிடும். உலர்ந்து, மணலாக ஓடுகிற உப்பை நான் என் ஆயுளில் கையில் எடுத்ததில்லை.

கடிகாரத்தில் தின்பதற்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த பிறகு நான் உடனே வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் என்னென்னவோ யோசித்தேன். நேரம் போதவில்லை, மணி அடித்துவிடும், வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லலாம். தீ எச்சரிக்கை மணி அடிக்காதா என்றுகூட நினைத்தேன். ஹெலன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். இப்படி நான் சிரித்துக்கொண்டிருந்தபோது மேசி தன் கரண்டியை நக்கிவிட்டாள்.

அவள் முகம் சுருங்கியது. “சார், இது கடல் மாதிரி இருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் அருகில் இருந்த டப்பாவில் விரலை வைத்து, அத்தனை பேர் பார்க்க, வாயில் வைத்தேன். பிறர் சாப்பிட வைத்ததை அவர்களுக்கு முன்பாக நான் ருசி பார்த்தது மீன்குழம்புக்குப் பிறகு அதுதான் முதல்முறை. தொண்டை வரை கரித்தது. யாரும் சாப்பிட வேண்டாம், சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். இருபத்தாறு வாயிலிருந்தும் ஒரே பெருமூச்சு. பிறகு சிரிப்பு. விஷமா சார் என்று ஒருவன் கேட்டான், இல்லை என்றேன். மேசி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

“சார், உப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கை தானாகச் சாக்பீஸைத் தேடியது, இங்கே மார்க்கர்தான். ஒரு செல்லை வரைந்தேன், பக்கத்தில், சவ்வு சுவரை விட்டு விலகிச் சுருங்கிய இன்னொரு செல்லை வரைந்தேன். வெள்ளரி மேலிருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிலர் கூழிலிருந்து என்றார்கள். ஒருவன் வில்லையை எடுத்து வளைத்துப் பார்த்து, இது தொளதொளவென்று ஆகிவிட்டது, இதிலிருந்துதான் என்றான். மேலே கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. தின்பதற்காகச் செய்த இருபத்தைந்து செல்களை உணவுக்கழிவு வாளியில் என் கையாலேயே கவிழ்த்தேன். ஒன்று மேசியுடையது, அதில் எல்லாம் சரியான இடத்தில் இருந்ததால் அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஹெலன் தன் அறைக்கு அழைத்தார். முந்தைய இரண்டையும்விட இந்த வகுப்பு எவ்வளவோ மேல் என்றார். ஆனால் குழந்தைகள் சாப்பிடும் பொருளை நான் ஏன் வீட்டிலேயே ருசி பார்க்கவில்லை என்பதை அவர் எழுதியாக வேண்டும். மற்றவர்களுக்குப் பரிமாறுவதை முன்பே ருசிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, அது மரியாதையில்லை என்று சொன்னேன். அவர் முகம் உடனே மென்மையாகிவிட்டது. மத விஷயமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மதமில்லை, நாக்கு பட்டால் என்று தொடங்கினேன். எச்சில் என்பதற்கு என்னிடம் இருந்த ஆங்கிலச் சொல் வெறும் உமிழ்நீரைத்தான் குறித்தது. அதைச் சொன்னதும் அவர் இன்னும் கவலையாகி, இதை முன்பே தெரிவித்திருக்கலாமே, பள்ளி அதற்கு ஏற்பாடு செய்திருக்குமே என்றார். கடைசியில் படிவத்தில், இவருக்கு உணவை ருசி பார்ப்பதில் சமயக் கட்டுப்பாடு உண்டு, உதவிக்கு ஒருவர் தேவை என்று எழுதினார். நான் மறுக்கவில்லை. அந்தப் படிவம் இப்போதும் என் கோப்பில் இருக்கிறது. முடிவு இதுதான்: தோல்வியில்லை, உறுதியுமில்லை. ஜூலை வரை நீட்டிப்பு. அதற்குள் இன்னொரு வகுப்பு பார்ப்பார்கள்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே பொழுது சாய்ந்திருந்தது. போனைப் படிக்கட்டில் சாய்த்துவைத்துவிட்டு, கைபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நீட்டிப்பைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் உப்புக் கதையைச் சொன்னேன். அவள் பம்பை விட்டுவிட்டுச் சிரித்தாள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இரண்டு முறை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“ஏன்டா, நாக்குல ஒரு சொட்டு வச்சிப் பாத்தா கொறஞ்சா போயிடுவ?”

“நீதானம்மா சொல்லுவ, அடுத்தவங்களுக்கு வைக்கிறத எச்சி பண்ணக் கூடாதுன்னு.”

சிரிப்பு நின்றது. ஈரக் காலைப் புடவையால் துடைத்தாள்.

“அது சும்மா சொன்னதுடா” என்றாள்.

“சும்மான்னா?”

“எனுக்கு நாக்குல உப்பு தெரியாது ஏழுமல. அளத்துல எறங்குன நாலஞ்சு வருசத்துலயே போயிடுச்சு. நாளெல்லாம் அந்தத் தண்ணி மூஞ்சில அடிக்கும், வேர்வையோட வாய்க்குள்ளயே எறங்கும். பாத்தாலும் ஒண்ணுதான், பாக்காட்டியும் ஒண்ணுதான். கையளவுதான் எனுக்கு. நீ வந்து கொழம்ப நக்கிட்டு உப்பு கம்மின்னுவ, கூடன்னுவ, அப்ப நான் இன்னா பதில் சொல்றது? எச்சின்னா கேட்டுக்குவன்னு சொன்னேன்.”

அப்பா ஒருநாளும் சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. சில நாள் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துபோவார்; சில நாள் யாரும் பார்க்காதபோது ஜாடியிலிருந்து ஒரு கல் உப்பைத் தட்டில் போட்டுக்கொள்வார். நான் அதைக் கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். நான்தான் படித்தவன். சவ்வின் வழியே எது உள்ளே போகும், எது வெளியேறும் என்று இரண்டு மொழியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். எதிரே உட்கார்ந்து சோறு போட்ட ஆளுக்கு என்ன போய்விட்டது என்று கேட்டதில்லை.

நாளையிலிருந்து அளத்துக்குப் போகாதே என்றேன். உறுதியாகிவிட்டதா என்று கேட்டாள். ஜூலை வரை தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் சொன்னேன். அவள் மனதுக்குள் மாதத்தை எண்ணினாள்.

“ஆடி வரிக்கும் அளம் ஓடும். சரியாத்தான் இருக்குது.”

“அம்மா, போதும்மா.”

“டேய், போறதுக்கு இன்னாடா பாக்கி இருக்குது என் நாக்குல? நீ பதறாம இரு. அடுத்த வாட்டி நக்கிப் பாத்துட்டு வையி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று வீடு திரும்பியபோது மாரெக் அடுப்படியில் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, குறைந்த அளவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். முட்டைக்கோஸ் ஊறுகாய் போட அவன் சேர்த்துவைத்த உப்பு அது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜாடியில் தன் பெயரை எழுதி ஒட்டினான். பிறகு என் கையில் இருந்த மேசியின் செல்லைப் பார்த்து, ஜன்னலில் வைப்பதானால் அதற்கும் பெயர் எழுது என்று சுருளை நீட்டினான். எழுதினேன்.

அந்த டப்பா இப்போது அடுப்படி ஜன்னலில், சூடேற்றிக்கு மேலே இருக்கிறது. கூழ் வற்றி ஒரு தகடாகிவிட்டது, வெள்ளரி காகிதம்போல ஆகிவிட்டது. சூடேற்றி ஓடும் காலை நேரத்தில் டப்பாவின் சுவரெல்லாம் வெள்ளைச் சதுரங்கள் பூத்து நிற்கும். பகலில் சூடேற்றி அணைந்ததும், ஜன்னல் இடுக்கு வழியாகக் கடற்பனி உள்ளே வந்து, பூத்ததெல்லாம் கரைந்து தண்ணீராக வழியும். அந்த ஈரத்தில் என் பெயர் எழுதிய ஸ்டிக்கர் கழன்று விழுந்துவிடுகிறது. மறுநாள் காலை, உப்பு மறுபடி பூத்த பிறகு, பள்ளிக்குக் கிளம்பும் முன் அதை எடுத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜூலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணியபடி கொஞ்ச நேரம் நிற்கிறேன்.